பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் நிறுவிய லினக்ஸ்

செய்தி பிற்பகல் மூன்றே காலுக்கு வந்தது. நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில், கண்ணாடிக் குழாயிலிருந்து குடுவைக்குள் விழும் துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் அத்தானின் தம்பி. அந்த எண்ணிலிருந்து அழைப்பு வருவது அபூர்வம்.

"உங்க அக்கா போயிட்டாங்க. கடையில நெஞ்சு வலி வந்து விழுந்துட்டாங்க. அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கான், பேசுற நிலைமையில இல்ல. அதான் நான் கூப்பிடுறேன்."

"எப்போ?"

"இப்பத்தான். கிளம்பி வாங்க. பஸ்ஸுக்கு நிக்காதீங்க, வண்டி பிடிச்சு வாங்க."

வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோது குடுவைத் தண்ணீர் நிறம் மாறவேண்டிய அளவைத் தாண்டிப் போயிருந்தது. அந்த மாதிரித் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "வாய்தான் அப்படி. மனசு தங்கம்." கடைக்கு வந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்கள்கூட அதையே சொன்னார்கள். செத்தவர்களுக்கு ஒரே நாளில் தங்க மனசு வந்துவிடுகிறது. என் அக்காவின் மனசு தங்கம் இல்லை, இரும்பு. வாயில் வந்ததெல்லாம் மனசிலிருந்து வந்ததுதான். அவள் யாரையாவது மடையன் என்று சொன்னால், அந்த ஆளை மடையன் என்றே நினைத்தாள். அதை ஏன் இப்போது மாற்ற வேண்டும்?

அவளுடைய கடை கல்லூரியின் பின்வாசல் தெருவில், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒற்றை அறை. உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் நகல் எடுக்கும் மெஷின், வலப்பக்கம் தாளில் ஓட்டை போடும் பைண்டிங் மெஷின், பின்சுவரை ஒட்டி மூன்று கம்ப்யூட்டர்கள். மிச்ச இடத்தைக் காகிதக் கட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, பைண்டு போட்டுக் கொடுப்பது தொழில். வாசலைப் பார்த்த சுவரில் அவளே ஒரு தாள் அடித்து ஒட்டியிருந்தாள்: "அவசரம் என்பவர்கள் நேற்றே வந்திருக்க வேண்டும்."

"அக்கா, நாளைக்கே வேணும்க்கா" என்று யாராவது வருவான்.

"நாளைக்கு வேணும்னு மூணு வருஷமா தெரியாதா உனக்கு? இது என்ன கையெழுத்தா, கோழி கிளறினதா? உக்காரு. நீயே வாசி. நான் அடிக்கிறேன். வாசிக்கத் தெரியுமில்ல?"

அவன் உட்கார்ந்து வாசிப்பான். தன் கையெழுத்தைத் தானே படிக்க முடியாமல் திணறுவான். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஓர் இன்பம் இருந்தது. மறைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கூட்டம் அவள் கடைக்குத்தான். அவள் அடித்த பக்கத்தில் பிழை இருக்காது.

அவளுக்கு எதிரிகள் பலர். அவர்களில் நிரந்தரமானவர் அத்தானின் தம்பி. ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற வேலை. முதுகில் மாட்டும் பையில் ஒரு பெங்குவின் படம் ஒட்டியிருப்பார். அது லினக்ஸின் சின்னம் என்பது அக்காவுக்கு அப்போது தெரியாது. "பொருத்தமாத்தான் ஒட்டியிருக்கான். நடையும் அதேதான்" என்றாள். பாதங்களை இரண்டு பக்கமும் விரித்து வைத்து நடக்கிறவர் அவர். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் அவர் பெயர் பெங்குவின்.

பகைக்குக் காரணம் நான். நான் ஒன்றும் செய்யவில்லை. காரணமாக இருந்தேன், அவ்வளவுதான். அக்காவுக்குக் கல்யாணமான சில வருடங்களில் இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு யோசனை வந்தது. அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையைக் கட்டிவைத்துவிட்டால் புதிதாகச் சம்பந்தி தேடி அலைய வேண்டாமே என்று. கூடத்தில் பேச்சை எடுத்தார்கள். பெங்குவின் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த வீட்டுல இருந்து ஒண்ணு வந்ததே போதும்."

அக்கா சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். அதுவரை "தம்பி" என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து "அந்த ஆளு" ஆனார். அவருக்கும் "அண்ணி" போய், அத்தானிடம் "உன் பொண்டாட்டி", என்னிடம் "உங்க அக்கா" என்று ஆனது. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. எனக்கும் அவரைப் பிடிக்காது. எண்ணெய்க் கையோடு புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புகிறவர்.

பல வருடங்கள் இப்படியே போனது. ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் இடையில் யாராவது இருக்க வேண்டும். அத்தான் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். "எனக்கு டீசல் வண்டி மட்டும்தான் தெரியும். என்னை விட்டுடுங்க" என்று இரண்டு பேரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

அப்போதுதான் அந்தத் தெருவுக்குச் சோதனை வந்தது. விலைக்கு விற்கும் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுத்துப் போட்டிருக்கிற கடைகளைத் தேடி, அந்த நிறுவனத்தின் ஆட்கள் வக்கீலோடு தெருத்தெருவாக வந்தார்கள். எதிர்க்கடையில் இருந்த கம்ப்யூட்டர்களுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா கடை அன்று பூட்டியிருந்தது, அதனால் தப்பியது. அவளுடைய மூன்று கம்ப்யூட்டர்களிலும் இருந்தது அதே நகல்தான். மூன்றுக்கும் விலை கொடுத்து வாங்க அவளுக்கு வழியில்லை. போதாததற்குக் கட்டட உரிமையாளர் வந்து வாசலில் நின்றார்.

"அடுத்த வாரம் மறுபடி வருவாங்களாம். என் கட்டடத்துல சீல் விழுந்தா, மறுநாள் சாவியைக் கொடுத்துடும்மா. எனக்கு வம்பு வேணாம்."

அந்தக் கடையைத் தவிர அக்காவுக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை. குழந்தை இல்லை. அத்தானுடன் பேச்சு ஒரு நாளைக்கு நாலு வாக்கியம். கடையில்தான் அவள் அவளாக இருந்தாள்.

அந்த மென்பொருளுக்குப் பதிலாக, கம்ப்யூட்டரை இயக்கக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். இறக்கியும் கொடுத்தேன். அவள் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பழையதே வந்து நின்றது.

"என் தம்பிக்கு இது தண்ணி பட்ட பாடு" என்றார் அத்தான்.

"அந்த ஆளுகிட்ட கேக்கறதுக்கு நான் கடையை மூடிட்டு வீட்டுல உக்காந்து கொசு அடிப்பேன்."

அவளுக்குத் தெரியாமல் நான் பெங்குவினுக்குப் போன் செய்தேன்.

"உங்க அக்கா கூப்பிடச் சொன்னாங்களா?"

"இல்லை."

"அப்ப சரி. வர்றேன். கூப்பிடச் சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை தொடங்கியது. அக்கா கம்ப்யூட்டர் முன்னால். பெங்குவின் காகிதக் கட்டுகளின் பக்கம், நின்றபடி. நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். வந்தவரை அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. போ என்று சொல்லாததுதான் அழைப்பு.

"பென்டிரைவுல என்ன பண்ணினாங்கன்னு கேளுங்க" என்றார் என்னிடம்.

"அக்கா, பென்டிரைவுல..."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. அந்த ஃபைலை எடுத்து உள்ள போட்டேன்னு சொல்லு."

"உள்ள போட்டாங்களாம்."

"எனக்கும் காது கேக்குது. அரிசி மூட்டையைத் தூக்கி அடுப்பு மேல வச்சா சோறாயிடுமான்னு கேளுங்க. அந்த ஃபைலைப் பென்டிரைவுல எழுதறதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு. அதுல எழுதினாத்தான் மெஷின் அதுல இருந்து கண்ணு முழிக்கும்."

"சோத்தைப் பத்தி யார் பேசறதுன்னு கேளு. எங்க வீட்டுப் பொண்ணுங்க ஆக்கிப் போட்டதைத் தின்னுட்டுத்தானே செருப்பை மாட்டினது?"

பெங்குவின் தன் மடிக்கணினியில் பென்டிரைவைச் சரியாக எழுதி என் கையில் கொடுத்தார். நான் அக்காவின் கையில் கொடுத்தேன். கைமாற்றிய தூரம் ஒரு முழம்கூட இருக்காது.

கம்ப்யூட்டர் பென்டிரைவிலிருந்து எழுந்தது. அக்கா சுட்டியை நேராக 'நிறுவு' என்பதற்குக் கொண்டு போனாள்.

"இருங்கன்னு சொல்லுங்க. பார்த்ததும் அமுக்கக் கூடாது. நிறுவாமலே ஓட்டிப் பார்க்க வழியிருக்கு. பிரிண்டர் பேசுதா, நெட் வருதா, எழுத்தெல்லாம் ஒழுங்கா தெரியுதா, எல்லாத்தையும் பார்க்கணும். பிடிக்கலைன்னா பென்டிரைவை உருவிட்டுப் போயிடலாம். பழசு அப்படியே இருக்கும். எந்தச் சேதமும் இல்ல."

"பார்த்துட்டுப் பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போறதுல சில பேருக்கு நல்ல பழக்கம்னு சொல்லு. சேதம் இல்லைன்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க."

பெங்குவின் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

அச்சு வந்தது. எழுத்துகள் சரியாகத் தெரிந்தன. பிறகு அவர் கேட்ட கேள்வி முக்கியமானது. இதற்கு முன்னும் பின்னும் நூறு பேரிடம் இதே கேள்வியை அவர் கேட்டிருப்பார்.

"மூணு மெஷின்ல இருக்கிறதையும் வெளி டிஸ்க்குல எடுத்து வச்சாச்சான்னு கேளுங்க. வைக்காம நான் ஒரு பட்டனையும் அமுக்க விட மாட்டேன்."

"வச்சாச்சுன்னு சொல்லு."

வைக்கவில்லை. இரண்டு கம்ப்யூட்டர்களில் இருந்ததை எடுத்து வைத்ததும் அந்த வெளி டிஸ்க் நிரம்பிவிட்டது. மூன்றாவதில்தான் அந்த வருடத்து ஆய்வேடுகள் அத்தனையும் இருந்தன. பிள்ளைகள் ஒப்படைக்க வேண்டிய மாதம் அது. அந்த ஆளிடம் "இடம் பத்தலை, இன்னும் எடுக்கலை" என்று சொல்ல அவளுக்கு நாக்கு வளையவில்லை. எனக்கும் அப்போது அது தெரியாது.

முதல் இரண்டிலும் வேலை சுலபமாக முடிந்தது. 'டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டு நிறுவு' என்பதை அமுக்கச் சொன்னார், அமுக்கினாள். ஊர், நேரம், பெயர், கடவுச்சொல் என்று கேட்டதையெல்லாம் அடித்தாள். "முடிஞ்சுது. இப்ப அணைச்சுட்டுப் பென்டிரைவை எடுக்கச் சொல்லுங்க. எடுக்கலைன்னா மறுபடி முதல்ல இருந்து கேக்கும். அப்புறம் பேய் புகுந்துட்டதுன்னு என்னைத் திட்டுவாங்க." எடுத்தாள். புதிய திரை வந்து நின்றது. முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

மூன்றாவதைத் தொடங்கியபோது எனக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. உள்ளே சரியாகக் கேட்கவில்லை என்று ஷட்டருக்குக் கீழே குனிந்து தெருவுக்குப் போனேன். அதன் பிறகு நடந்ததை அவள் ஒரு விதமாகச் சொன்னாள், அவர் ஒரு விதமாகச் சொன்னார். யார் மடையர் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இரண்டு கதைகளும் ஒத்துப்போகின்றன.

திரையில் இரண்டு வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவுவது ஒன்று. பழையதை ஓரமாக ஒதுக்கிவைத்துப் பக்கத்தில் நிறுவுவது இன்னொன்று. அக்காவின் கை நின்றது. பின்னால் நின்றவருக்கு அது ஏன் நிற்கிறது என்று புரியவில்லை. கேட்கவும் ஆளில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நகல் மெஷினைப் பார்த்துப் பேசினார்.

"ஏ மெஷினே, ரெண்டுக்குச் செஞ்சதைத்தானே மூணாவதுக்கும் செய்யணும்? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அக்கா பைண்டிங் மெஷினிடம் சொன்னாள்: "ஓட்டை போடுறவளே, நீயே சொல்லு. எல்லாத்தையும் அழிச்சுட்டா, இதுல கிடக்கிற பசங்க தீசிஸை எல்லாம் யாரு உக்காந்து மறுபடி அடிக்கிறது? மெஷின்கிட்ட பேசுற ஆளா அடிப்பான்?"

சொல்லிக்கொண்டே இரண்டாவது வழியைத் தேர்ந்து, அடுத்து, அடுத்து என்று போய்விட்டாள்.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எடுத்து வைக்காத டிஸ்க். எறும்பு நுழைய இடமில்லாமல் நிரம்பி வழிகிற டிஸ்க். அதைச் சுருக்கி இடம் பண்ணச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஏதாவது தவறினால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 'இப்போதே நிறுவு' என்ற பட்டனுக்கு மேல் அவள் விரல் இருந்தது.

"அண்ணி, வேணாம்" என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை.

அவர் குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

நான் திரும்பி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. அக்கா இடதுபக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்குவின் வலதுபக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒயர்.

"என்ன ஆச்சு?"

"அந்த ஆளைக் கேளு."

"உங்க அக்காவைக் கேளுங்க. எடுத்து வச்சாச்சுன்னு வாய் கூசாம சொன்னாங்களே, அவங்களைக் கேளுங்க."

"நான் அமுக்கறதுக்கு முன்னாடி பிடுங்கினானா, அமுக்கின பின்னாடி பிடுங்கினானான்னு முதல்ல கேளு."

அது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் போயிருந்தன. கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எழுத ஆரம்பித்திருந்தால் ஆய்வேடுகள் போயின. ஆய்வேடுகள் போனால் கடைக்குச் சீல் வைக்கச் சோதனைக்காரர்கள் வர வேண்டியதில்லை, பிள்ளைகளே வந்து வைத்துவிடுவார்கள். பெங்குவின் பிளக்கைச் செருகினார். மறுபடியும் பென்டிரைவிலிருந்து, நிறுவாமல், ஓட்டினார். டிஸ்க்கைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இருக்கான்னு கேளு" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

"இருக்கா?"

"இன்னும் திறக்கல."

திறந்தது. கோப்புறைகள் வரிசையாக வந்தன. முதல் ஆய்வேட்டைச் சொடுக்கினார். 'நன்றியுரை' என்று தொடங்கியது. எவனோ ஒருவன் தன் வழிகாட்டிக்கும், பெற்றோருக்கும், சொன்ன நேரத்தில் தட்டச்சு செய்து தந்த கடைக்கும் நன்றி சொல்லியிருந்தான். அக்கா அதைப் படித்துவிட்டு, "இவன் இன்னும் பாக்கி ரெண்டு அத்தியாயம் கொண்டு வரல" என்றாள்.

பெங்குவின் வீட்டுக்குப் போய்த் தன்னுடைய வெளி டிஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டினார். எல்லாம் நகலாகி முடிய மாலை ஆனது. பிறகு 'அழித்துவிட்டு நிறுவு'. அக்காதான் அமுக்கினாள்.

வாசலில் அவரிடம் கேட்டேன்: "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பிளக் பக்கத்துல இருந்துச்சு."

உள்ளே வந்து அக்காவிடம் கேட்டேன்: "எடுத்து வைக்கலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட? அந்த ஆளுகிட்டயா? ஒயரைப் பிடுங்கத் தெரிஞ்சவன் எல்லாம் இஞ்சினியர்னு திரியறான், அவன்கிட்டயா?"

அந்த வாரமே சோதனைக்காரர்கள் வந்தார்கள். மூன்று திரைகளையும் பார்த்தார்கள். ஒருவர், "என்னம்மா இது, என்ன சாஃப்ட்வேர்?" என்றார்.

"திரையில எழுதியிருக்கே. படிங்க."

படித்தார்கள். எதையோ குறித்துக்கொண்டார்கள். போகும்போது, "இதுல வேலை ஓடுதா?" என்று கேட்டார் வக்கீல். "வாசல்ல நிக்காம இருந்தா ஓடும்" என்றாள். கடை தப்பித்தது. கட்டட உரிமையாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நன்றிக்காக அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்தால் அவர்களைத் தெரியவில்லை என்று அர்த்தம். எனக்கு வெளியூருக்கு வேலை மாற்றலாகி நான் கிளம்பிவிட்டேன். நடுவில் உட்கார ஆளில்லை. பெங்குவின் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தார். மேம்படுத்த வேண்டியது, சரிபார்க்க வேண்டியது ஏதாவது இருக்கும். இரண்டு பேரும் மெஷின்களிடமே பேசிக்கொண்டார்கள். அத்தான் போனில் சொல்வார்: "நேத்து நகல் மெஷினுக்கு நல்ல திட்டு. பைண்டிங் மெஷின் அழாத குறை. பாவம், வாயில்லா ஜீவனுங்க."

"ஏ மெஷினே, எந்த வெப்சைட்லயோ எவனோ எழுதின வரியை எடுத்து உன் வாயில திணிச்சிருக்காங்களே, அது என்ன பண்ணும்னு கேட்டாங்களா?"

"ஓட்டை போடுறவளே, கேக்கறதுக்கு ஆள் மாசம் ஒரு தரம் வந்தா, மத்த நாள் நான் என்ன பண்றது? வேண்டுதலா?"

இதை உள்ளூர அன்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. துக்க வீட்டிலும் சொன்னார்கள். இல்லை. அவர்கள் கடைசி வரை ஒருவரையொருவர் வெறுத்தார்கள். அந்த வெறுப்பை ஒழுங்காக, நாள் தவறாமல் செய்தார்கள். அவர் சொன்னதை அவள் மன்னிக்கவில்லை. அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் கற்றுக்கொண்டாள். பகையாளியிடம் மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற வைராக்கியத்தைப் போல ஒரு வாத்தியார் கிடையாது. அவர் வருவதற்குள் அவர் சொல்லப் போவதைச் செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச காலத்தில் தெருக்காரர்கள் அவளிடம் கேட்டு வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் எதிர்க்கடைக்காரர். சீல் வைக்கப்பட்ட நாளிலிருந்து நொடித்துப் போயிருந்தார். அதற்கு முன்பு விலையைக் குறைத்து அவளுடைய வாடிக்கைகளை இழுத்தவர்.

"உங்களுக்கு ஏன் சொல்லித் தரணும்?" என்றாள்.

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியல. மெஷினைத் தூக்கிட்டு வாங்க. ஆனா நான் தொட மாட்டேன். உங்க கையாலதான் எல்லாம்."

அதுதான் அவள் முறை. யாருக்கும் தானே நிறுவிக் கொடுக்க மாட்டாள். மெஷின் அவர்களுடையது, விரல் அவர்களுடையது. வாய் மட்டும் இவளுடையது. எதிர்க்கடைக்காரர் கறுப்புத் திரையில் கடவுச்சொல் அடித்துவிட்டு, எழுத்து எதுவும் தெரியவில்லை, கீபோர்டு கெட்டுவிட்டது என்று பதறினார்.

"கெடல. பக்கத்துல நிக்கிறவன் எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு அது மறைக்குது. உங்களைவிட அதுக்கு விவரம் அதிகம். அடிச்சு முடிச்சு எண்டரைத் தட்டுங்க."

ஏதாவது தவறிப்போய்ச் செய்தி வந்தால் எல்லாரும் அதை மூடிவிட்டு இவள் முகத்தைப் பார்ப்பார்கள். "என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? எது தப்புன்னு அது ஒரு பாராவே எழுதி வச்சிருக்கு. அதை மூடிட்டு என்கிட்ட கேக்கறியே. படி. சத்தமா படி." ஒரு மாணவன் வாரத்துக்கு ஒரு வகை லினக்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டு எதுவும் சரியில்லை என்று வந்தான். "நீ குடியிருக்க வந்தியா, வீடு பார்க்க வந்தியா? ஒண்ணுல ஆறு மாசம் இரு. குழாய் எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சுக்கோ. அப்புறம் மாறு." சிலர் அழுதுகொண்டே போனதும் உண்டு. ஒரு பெண் திரும்ப வரவே இல்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக வந்தவர், பணி ஓய்வு பெற்ற நர்ஸம்மா. மகன் கழித்துப் போட்ட மடிக்கணினி ஒன்று அவரிடம் இருந்தது. தன் வேலைக்காலத்துச் சங்கதிகளைத் தமிழில் எழுத வேண்டும், கையால் எழுதினால் விரல் நடுங்குகிறது என்றார். அக்கா அவரையும் விடவில்லை. "எவ்வளவு பேருக்கு ஊசி குத்தியிருக்கீங்க, ஒரு பட்டனை அமுக்கறதுக்கு இவ்வளவு நடுக்கமா?" நர்ஸம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. "குத்தும்போது யாரும் என் பக்கத்துல நின்னு கத்தல" என்றார்.

அன்று நர்ஸம்மா எடுத்து வைத்தார், ஓட்டிப் பார்த்தார், நிறுவினார், பென்டிரைவை உருவினார். புதிய திரை வந்தது. அடுத்தது தமிழில் அடிக்க விசைப்பலகையைச் சேர்ப்பது. அமைப்புகளைத் திறந்து வைத்திருந்தார். அக்கா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாளாம், தண்ணீர் குடிக்க.

"நான் வர்றதுக்குள்ள எதையும் தொடாதீங்க" என்றாளாம்.

பைண்டிங் மெஷின் பக்கத்தில் விழுந்தாள். நர்ஸம்மா தெரிந்ததையெல்லாம் செய்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அது சனிக்கிழமை, பெங்குவின் தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியங்கள் எல்லாம் ஆன பிறகு அத்தான் தம்பியிடம் கேட்டார்: "கடையை நீ எடுத்து நடத்தேன்டா. உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

"வேணாம்ணே. அந்தப் பசங்க உன் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிப் பழகினவங்க. நான் திட்டினா திருப்பி அடிச்சிடுவாங்க."

செத்த பிறகும் அவர் வாயில் "அண்ணி" வரவில்லை. அதற்காக நான் அவரை மதிக்கிறேன். துக்க வீட்டில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்.

அத்தானால் நடத்த முடியாது, எனக்கு வெளியூரில் வேலை. அத்தான் மாதக் கடைசியில் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டார். அதற்கு முந்தின நாள் நானும் பெங்குவினும் போய்க் காலி செய்தோம். மாணவர்கள் வந்து அவரவர் ஆய்வேட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். சுவரில் இருந்த தாளைக் கிழிக்காமல் எடுக்க முடியவில்லை, கிழிந்தது. மூன்று கம்ப்யூட்டர்களையும் எதிர்க்கடைக்காரர் வாங்கிக்கொண்டார்.

நர்ஸம்மா தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெங்குவின் கையை நீட்டினார்.

"குடுங்கம்மா. ரெண்டு நிமிஷ வேலை. தமிழ் கீபோர்டைச் சேர்த்துத் தர்றேன்."

"நீங்கதானே அந்த ஒயரைப் பிடுங்கின ஆளு?" நர்ஸம்மா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டார். "வேணாம்ப்பா. அந்தம்மா எதையும் தொடாதேன்னு சொல்லிட்டுப் போச்சு."

"அவங்க இனிமே வந்து..."

"அது எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷம் சாவைப் பார்க்கிற வேலைதான் பார்த்தேன்." மூடியைக்கூடத் திறக்கவில்லை. "நானே படிச்சுப் பார்த்து எப்பவாவது செஞ்சுக்கறேன். உங்க வேலையைப் பாருங்க."

பெங்குவின் பையை மாட்டிக்கொண்டு, பாதங்களை விரித்து நடந்து போனார். எங்களுக்குள்ளும் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

நேற்று ஊருக்குப் போயிருந்தபோது நர்ஸம்மாவை மருந்துக்கடை வாசலில் பார்த்தேன். கேட்டேன். தமிழ் விசைப்பலகை இன்னும் சேர்க்கப்படவில்லை.